தோழர்களே, அடுத்த பயிற்சி கல்வெட்டின் முன்னால்!

சமூக அறிவியல் ஆசிரியத் தோழர்களே!

அடுத்த பணியிடைப் பயிற்சிக்கான சுற்றறிக்கை எந்த நேரமும் வரலாம். காலையில் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். புரொஜெக்டரில் பிபிடி ஓடும். கருத்தாளர் வாசிப்பார், நாம் குறிப்பெடுப்போம். மாலையில் பின்னூட்டப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவோம். மறுநாள் அதே பாடத்தைப் பழையபடியே நடத்துவோம். வருடக்கணக்கில் இதைப் பொறுத்துக்கொண்டோம். இனியும் பொறுத்தால் நம் பாடம் நம் கையைவிட்டுப் போய்விடும். தமிழ்நாட்டு வரலாற்றை நடத்துகிறவர்களுக்கு அதன் சான்றுகளை வைத்தே பயிற்சி கொடுங்கள் என்று ஒரே குரலில் கேட்போம். கல்வெட்டின் முன்னால், அகழாய்வுக் குழியின் ஓரத்தில், ஆவணக் கட்டுகளின் நடுவே எங்களை உட்கார வையுங்கள் என்று கேட்போம். கல்வித் துறை கொடுக்கும்வரை காத்திருக்காமல் நாமே தொடங்கியும் விடுவோம்.

அவசரம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுகிறேன். 2025 ஜனவரி 23. ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை வெளியான நாள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று அறிவிக்கப்பட்டது. பிள்ளைகள் அதைச் செல்பேசியில் பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்தார்கள். நம் கையிலிருந்த புத்தகமோ 2018-க்குப் பிறகு வந்த பாடத்திட்டத்தின் புத்தகம். அதில் இது எப்படி இருக்கும்? மாதிரி என்றால் என்ன, கரித்துண்டை வைத்துக் காலம் கணிப்பதற்கும் மண்ணை வைத்துக் கணிப்பதற்கும் என்ன வேறுபாடு, ஒரு தளத்தில் கிடைத்த காலத்தை எவ்வளவு தூரம் நீட்டிச் சொல்லலாம், மற்ற ஆய்வாளர்கள் எதையெல்லாம் சரிபார்க்கக் கேட்பார்கள்? இவற்றை நிதானமாகச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியருக்கு அந்த நாள் பொன்னான நாள். தெரியாதவர்கள் பெருமையாகத் தலையாட்டினோம், அல்லது போர்ஷன் முடியட்டும் என்று பேச்சை மாற்றினோம். அந்தக் குறை நம்முடையதல்ல. நமக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அங்கே தோண்டத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு 2019இல் வெளிவந்தது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். முதல் இரு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025இல் மத்தியத் துறை கேட்டது, நாடே பேசியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுந்து “யார் சொல்றது சரி சார்?” என்று கேட்டால், கட்சி மேடையில் கேட்டதைத் திருப்பிச் சொல்வதா நம் வேலை? மண்ணடுக்கு எது, எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்று கரும்பலகையில் வரைந்து, ‘இப்போது நீ சொல்’ என்று அந்தப் பிள்ளையிடம் சாக்பீஸைக் கொடுக்க வேண்டும்.

இதில் நாம் நெஞ்சு நிமிர்த்த வேண்டிய சங்கதியும் ஒன்று உண்டு. 1970களிலேயே அந்த மண்ணில் கிடைத்த பழம்பொருள்களைப் பத்திரப்படுத்தி, தொல்லியல் துறையினர் கவனத்துக்குக் கொண்டுபோனவர் கீழடிப் பள்ளியில் வேலை பார்த்த ஓர் ஆசிரியர். அவர் நம் இனம், தோழர்களே! பானையோட்டைக் கையில் எடுத்தபோது அது வெறும் ஓடல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கறுப்பு-சிவப்புப் பானையின் வாயும் உட்புறமும் ஏன் கறுத்திருக்கின்றன, வெளிப்புறம் ஏன் சிவந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத இடம் கறுக்கும், காற்றுப் பட்ட இடம் சிவக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஓர் ஓட்டைக் கையில் கொடுத்து இரண்டு நிமிடம் பேசினால் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியலும் வரலாறும் சேர்ந்தே விளங்கிவிடும். பிபிடியில் அந்த ஓட்டின் படத்தை மட்டும் பார்த்தவரால் இந்த வகுப்பை எடுக்க முடியாது.

கல்வெட்டைப் படியெடுப்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, எழுத்துக்குள் அடைந்த பாசியையும் மண்ணையும் எடுக்க வேண்டும். நனைத்த மேப்லித்தோ தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு துணிப்பந்தில் மையைத் தொட்டு மெல்ல ஒற்றினால் மேடெல்லாம் கறுத்து, எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர் ஒன்று நிலத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேச ஆரம்பிக்கும். அதை ஒருமுறை செய்து பார்த்தவர் உத்திரமேரூரை வேறு மாதிரி நடத்துவார். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை ‘அன்றே ஜனநாயகம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டை உட்கார்ந்து படித்தால் வயது 35க்கு மேல், 70க்குள்; வரி செலுத்தும் கால்வேலி நிலம்; சொந்த மனையில் வீடு; வேதப் பயிற்சி என்று தகுதிகள் வரிசையாக வரும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்பதும் வரும். அப்படியானால் குடத்துக்குள் யாருடைய பெயர் போகவே இல்லை? நிலமில்லாதவர், பெண்கள், பிராமணச் சபைக்கு வெளியே இருந்த அத்தனை பேர். இந்தக் கேள்வியைக் கேட்கும் வகுப்பறைதான் எனக்கு வேண்டும். அந்தக் கல்வெட்டின் சிறப்பு இதனால் ஒரு பிடியும் குறையாது.

இனி, நாம் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர் வரலாறு என்று தொடங்கினால் சாதி வந்து முன்னால் நிற்கும். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதையோ, 1920இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் மக்கள் சுடப்பட்டதையோ, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததையோ நடத்தும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கையில் என்ன நிறக் கயிறு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சொந்த வீட்டுக்குள்ளேயே பள்ளி மாணவர்களால் வெட்டப்பட்டதை மறந்துவிடாதீர்கள். ‘எங்க ஆளு’ என்று ஒரு பையன் குரல் எழுப்பும்போது எப்படிப் பதில் சொல்வது, ஒரு போராட்டத்தில் எத்தனை சமூகத்தார் தோளோடு தோள் நின்றார்கள் என்று ஆவணத்தைக் காட்டி எப்படிப் பேசுவது, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டால் தலைமையாசிரியர் எப்படித் துணை நிற்பது? பயிற்சி என்றால் முதலில் இதற்குத்தான் பயிற்சி. இதைத் தனி ஆசிரியரின் தைரியத்தில் விட்டுவிடுவது அநியாயம்.

நேரமில்லை என்று சொல்வீர்கள். எமிஸ் பதிவு, காலை வழிபாடு, பத்தாம் வகுப்பு ரிசல்ட், இதற்கு நடுவே கணக்கு ஆசிரியர் வந்து “உங்க பீரியட் கிடைக்குமா?” என்று கேட்பது, எல்லாம் எனக்கும் நடப்பதுதான். பீரியடை விட்டுக்கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். நம்மில் ஒருவர் பி.ஏ. வரலாறு, இன்னொருவர் பி.எஸ்சி. புவியியல். ஆனால் குடிமையியல், பொருளியல் சேர்த்து நான்கையும் எல்லோரும் நடத்துகிறோம். புவியியல் படித்தவர் ஒரு ஏரியின் கரையையும் மதகையும் விளக்கட்டும், வரலாறு படித்தவர் அந்த மதகுக் கல்லில் இருப்பதை வாசிக்கட்டும். ஓர் ஒன்றியத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் அச்சில் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த வழியில் தஞ்சாவூரும் கும்பகோணமும் மன்னார்குடியும் இருக்கின்றன. உதவி செய்தால் தண்டனை என்று கலெக்டர் தோர்ன் மிரட்டியும் தொண்டர்களுக்குச் சோறு கிடைத்தது எப்படி என்று அந்த ஊர்த் தோழர்கள் தம் தெருப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க, எந்த இயக்குநரின் அனுமதியும் வேண்டாம்.

கல்வித் துறையிடம் கேட்பதையும் விடக்கூடாது. ஆண்டுக்குச் சில நாளாவது களத்தில் பயிற்சி, அந்த நாளுக்கு ஓ.டி., பயணப்படி, தொல்லியல் அறிஞர்களே கருத்தாளர்கள். இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கி, மாவட்டக் கல்வி அலுவலர் மேசையில் வையுங்கள். எந்தச் சங்கம், எந்தக் கொடி என்று பார்க்க வேண்டாம். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் எங்கோ ஒரு கோயில் சுவரில் மணல்வீச்சு நடந்து எழுத்து மழுங்குகிறது, எங்கோ ஒரு நடுகல் சாலைப் பணியில் பெயர்த்துப் போடப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை: யாரும் எதையும் தோண்டாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பார்த்ததைப் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

வரும் சனிக்கிழமையே தொடங்குங்கள். உங்கள் பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு கல், ஒரு கோயில் சுவர், ஒரு ஏரி மதகு, எதுவாகவும் இருக்கட்டும். பக்கத்துப் பள்ளித் தோழரை இன்றிரவே போனில் கூப்பிடுங்கள். ஒரு நோட்டு, ஒரு அளவுநாடா, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு வெயில் ஏறுமுன் அங்கே நில்லுங்கள்.