பால் பத்தவில்லையா, இடம் பத்தவில்லையா?

பிள்ளை பிறந்து பத்து நாள். மார்பில் வைத்தால் சிறிது நேரம் குடிக்கிறது, கண்ணயர்கிறது, பாயில் கிடத்தினால் உடனே அழுகிறது. அரைமணி கழியுமுன் மறுபடியும் பால் கேட்கிறது. பொழுது சாய்ந்தால் நடுச்சாமம் வரை இதே கதை. சொந்த வீட்டில் இருக்கும் தாய்க்கே இது சோதனைதான். பாடசாலை மண்டபத்தில் இருபது குடும்பங்களுக்கு நடுவே, வாங்குகளை அடுக்கி மறைத்த மூலையில் இருக்கும் தாயின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் இரவே பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல் வரும்: "ஒனக்குப் பால் பத்தல புள்ள. ஒரு டின் வாங்கிக் குடு."

அன்பினால் வரும் குரல்தான். ஆனால் பெரும்பாலான வேளைகளில் அது தவறான முடிவு. இடம்பெயர்ந்த நிலையில் ஆபத்தான முடிவுங்கூட.

பிறந்த அன்று பிள்ளையின் இரைப்பை மிகச் சிறிதளவே கொள்ளும். ஒரு வாரத்தின் பின்னும் அதிகம் கொள்ளாது. தாய்ப்பால் விரைவில் செரித்துவிடும். ஆகவே பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை, சில நாட்களில் அதற்கும் மேலாகப் பால் கேட்பது இயல்பு. மாலையில் விடாமல் கேட்பதும், இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்தையொட்டியும் திடீரென்று அதிகமாகக் கேட்பதும் இயல்பே. அப்படிக் கேட்டுத்தான் அது தன் நாளைய உணவுக்கு வழி செய்துகொள்கிறது. கொழுந்து எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எடுக்க எடுக்கத்தான் செடி துளிர்க்கும், எடுக்காமல் விட்ட மலை காடாகிவிடும். மார்பும் அப்படியே, காலியாகக் காலியாகத்தான் சுரக்கும். இரவில் கொடுக்கும் பால் சுரப்பை இன்னும் கூட்டும்.

இப்போது டின்னைத் திறந்து பாருங்கள். புட்டிப்பால் குடித்த பிள்ளை நீண்ட நேரம் தூங்கும். வீட்டாருக்கு நிம்மதி. ஆனால் அந்த வேளைக்குத் தாயின் மார்பு காலியாகவில்லை, அடுத்த வேளைக்கான சுரப்பும் குறைகிறது. இரண்டு வாரம் இப்படிப் போனால் பால் பத்தவில்லை என்ற பொய் மெய்யாகிவிடும்.

பால் போதுமா என்பதை அழுகையைக் கொண்டு அளக்காமல் ஈரத்துணியைக் கொண்டு அளக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால், இரண்டு வாரத்துக்குள் பிறந்த நிறையைத் திரும்ப எட்டினால், பால் போதும். மாறாகப் பிள்ளை சோர்ந்து பால் குடிக்க எழும்பாமல் கிடந்தால், சிறுநீர் குறைந்தால், மஞ்சள் கூடினால், காய்ச்சல் கண்டால், ஒரு நாளும் பிந்தாமல் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலைக்கோ போக வேண்டும். முலைக்காம்பு வெடித்து வலித்தால், பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். கருவட்டமும் பெருமளவு வாய்க்குள் போகும்படி வைத்துக் கொடுத்தால் வலி குறையும். உண்மையிலேயே பால் குறைந்த தாய்மாரும் உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர், பக்கத்துப் பாயில் இருப்பவர் அல்லர்.

எமது மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை மண்ணுக்குள் போனபோது தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் காத்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மலைகள் சரிந்தபோதும் குடும்பங்கள் மண்டபங்களில்தான் ஒதுங்கின. இத்தகைய இடங்களுக்கு உதவி லொறி வரும்போது பால்மாவும் வரும். அதைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் எங்கே? புட்டியை அவிக்க விறகு எங்கே? 2006இல் இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தா நிலநடுக்கத்தின் பின் நடந்த ஆய்வில், நன்கொடையாக வந்த குழந்தைப் பால்மா பெற்ற சிறு பிள்ளைகளிடம் வயிற்றோட்டம் மற்றப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. தாய்ப்பாலைப் பாதுகாக்கும் ஒழுக்கக்கோவை 1983இலேயே எமது நாட்டில் வந்துவிட்டது. அப்படியிருக்க, பொதிகளைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் அவசரம் நல்ல மனிதர்களையும் விடுவதில்லை. தேநீருக்குப் போடும் சாதாரண பால்மாவைக் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது உணவே அல்ல. தாயை இழந்த பிள்ளைக்குக் குழந்தைப் பால்மா வேண்டும்தான். அதை வைத்தியரின் சொற்படி, புட்டியில் அல்லாமல் கோப்பையில் கொடுக்கட்டும்.

அந்தத் தாய்க்கு உண்மையில் பத்தாமல் இருப்பது வேறு. கூச்சமின்றி மார்பைத் திறக்க ஒரு மறைப்பு இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று தடுக்கும் பெரியவர்கள் தயவுசெய்து அதைக் கைவிட வேண்டும். உலர் உணவு வரிசையில் நிற்கவும் மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் அவளையே எதிர்பார்க்கிறோம். நாள் முழுதும் பால் கொடுப்பவளைப் பார்த்துச் சும்மா இருக்கிறாள் என்று சொல்லும் கணவன்மார், ஒரு நாள் அந்த வரிசையில் தாங்கள் நின்று பார்க்கட்டும்.

முகாமைவிட்டு மலைக்குத் திரும்பினாலும் பிரச்சினை முடிவதில்லை. சட்டப்படி 12 வாரப் பிரசவ விடுமுறை உண்டு. 2018 திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளை என்ற பேதமும் இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளையும் உண்டு: பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லாவிட்டால் ஒரு மணி. ஆனால் மலையிலிருந்து இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஏறுவதற்குள் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழுமானால் அந்த உரிமையால் என்ன பயன்? வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு அந்தக் கணக்கைக் கேட்கவும் ஆளில்லை. மோசேயைப் பெற்ற தாய்க்கு, தன் பிள்ளைக்கே பால் கொடுக்கப் பார்வோனின் மகள் கூலி கொடுத்தாள் என்று யாத்திராகமத்தில் படிக்கிறோம். அது ஒரு வேலை என்று அரண்மனைக்குத் தெரிந்திருந்தது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இதையும் எடுக்க வேண்டும்.

ஒக்டோபர் மழைக்கு முன்னே ஆலய மண்டபங்களையும் பாடசாலைகளையும் ஒழுங்கு செய்யும் குழுக்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். தண்ணீர்க் குழாய்க்கு அருகிலுள்ள ஓர் அறையை, குறைந்தது ஒரு மூலையை, கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கென்று இப்போதே குறித்து வையுங்கள். அனுபவமுள்ள ஒரு தாயை அங்கே பொறுப்பாக நியமியுங்கள். ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலும், இரவில் பசித்தால் தின்ன ஏதாவதும், மறைப்புக்கு இரண்டு பழைய சேலையும் ஒரு கயிறும் அங்கே இருக்கட்டும்.