சாட்சிகளின் அறிவியல்

அறிவியலை ஏன் நம்பவேண்டும் என்று கேட்பவரிடம், 'தரவுகளை நீங்களே சோதித்துப் பாருங்கள்' என்கிறோம். நம்மில் எத்தனை பேருக்கு அது இயலும்? பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே எழுந்துவிட்ட சிக்கல் இது.

1660இல் தோன்றிய ராயல் சொசைட்டி, யார் சொல்லையும் அப்படியே ஏற்பதில்லை என்பதைத் தன் முழக்கமாக வரித்துக்கொண்டது. ஆனால் கண்ணாடிக் கலத்திலிருந்து காற்றை வெளியேற்றும் ராபர்ட் பாயிலின் கருவியை நேரில் கண்டவர்கள் வெகுசிலரே. மற்றவர்களுக்காக அவர் ஒவ்வொரு சோதனையையும் விரிவாக எழுதினார், தோற்றவற்றையும் மறைக்கவில்லை. வாசகரையும் சாட்சியாக்கும் எழுத்து அது.

1661இல் தாமஸ் ஹாப்ஸ் மறுத்தார்: கருவி கசிகிறது, சோதனை நடக்கும் இடமோ எல்லோருக்கும் திறந்ததல்ல. வெற்றிடம் பற்றிய வாதத்தில் ஹாப்ஸ் தோற்றிருக்கலாம். இவ்விரு குறைகளும் மெய்யானவை. கசிவைப் பாயிலே ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் கதவு பெண் உறுப்பினர்களுக்குத் திறக்க 1945 ஆயிற்று.

பிறர் சாட்சியத்தை நம்பாமல் அறிவியல் ஒருநாளும் இயங்கியதில்லை என்றே இவ்வரலாறு சொல்கிறது. ஐயுறுபவரை அறிவிலி என்று அதட்டுவதால் நம்பிக்கை வளராது. தோல்வியை ஒளிக்காத பாயிலின் நேர்மையும், ஹாப்ஸின் கேள்விக்குச் செவிகொடுக்கும் பொறுமையும் சேரும்போதே அது வேர்பிடிக்கும் என்று தோன்றுகிறது.