பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு

புக்கிட் ரோத்தானில் ஒரு வீடு. நண்பர் ஒருவர் பழைய ஷார்ப் ரேடியோ கேசட் பெட்டியை விலை பேசி முடித்தார். நான் துணைக்குப் போயிருந்தேன். வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு, எஜெக்ட் பட்டனை அழுத்தி, உள்ளே கிடந்த கேசட்டை எடுத்து அந்தப் பாட்டியின் கையில் வைத்தார். "இது வேணாம் பாட்டி, நீங்களே வச்சுக்குங்க."

பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டிய நீ தூக்கிட்டுப் போயிட்டா, இத நான் எதுல போட்டுக் கேக்குறது தம்பி?"

நண்பர் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் மேல்தான் இந்தக் கட்டுரை.

கோலா சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய டேப் செட் தேடி அலைகிற இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை அம்கோர்ப் மால் சந்தையில் பார்த்தால் அதே முகங்கள். குரோம் மங்கியிருக்கிறதா, ஸ்பீக்கர் வலை நசுங்கியிருக்கிறதா, ஒரிஜினல் ஆன்டெனாவா என்று நுணுக்கமாகப் பேசுவார்கள். 1981-இல் வந்த ஜேவிசி ஆர்சி-எம்90 பற்றிக் கேட்டால் கண் மின்னும். அந்த ஆசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டு அலமாரியிலும் மூன்று பெட்டிகள் இருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஜேவிசி தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. இங்கே கிடைக்காவிட்டால் ஜப்பானில் கிடைக்கும், ஜெர்மனியில் கிடைக்கும். பாட்டி கையில் திருப்பிக் கொடுத்த கேசட் எங்கே கிடைக்கும்?

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை வெளியிட்டது. அதற்கு முன் தோட்டத்துக்கு வந்த கருவிகளெல்லாம் தொழிலாளியைக் கேட்க மட்டுமே வைத்தன. கிராமபோன் பாடும், வானொலி பேசும், கோயில் ஒலிபெருக்கி அலறும். ரெக்கார்ட் என்ற சிவப்புப் பட்டன்தான் முதன்முதலில் அவன் குரலைக் கேட்டு வாங்கிக்கொண்டது. வட இந்தியாவில் பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் பிடியை உடைத்துச் சின்ன ஊர்ப் பாடகர்களைக் கேசட் எப்படி வெளியே கொண்டுவந்தது என்று பீட்டர் மேனுவல் 1993-இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் லயன் வீடுகளில் நடந்ததை யார் எழுதியிருக்கிறோம்? திருவிழாவின் உறுமி, கல்யாண வாழ்த்துரை, இழவு வீட்டு ஒப்பாரி, ஊரில் இருக்கும் தங்கச்சிக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய ஒரு பக்கம்... எல்லாம் அந்தப் பழுப்பு நாடாவில்தான் இருக்கின்றன.

இலக்கிய வாசகர்கள் என்பதால் உங்களிடம் இதைச் சொல்கிறேன். நம் தோட்டக் கதைகளில் பேசுகிற பால்மரம் வெட்டும் பெண்ணை எழுதியவர்கள், எழுதத் தெரிந்தவர்கள். அவளே பேசியது கேசட்டில் இருக்கிறது. எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள், எந்தச் சொல்லை மலாயில் சொன்னாள், எப்போது சிரித்தாள் என்பதெல்லாம் எந்த நாவலிலும் இல்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் தோட்டத்து மக்கள் ஒரு வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அப்படி இடம் மாறும்போது டிவி லோரியில் ஏறும், பீரோ ஏறும். கேசட் பெட்டி குப்பைக்குப் போகும்.

"நாங்க வாங்கலன்னா பழைய இரும்புக்காரன்தானே தூக்கிட்டுப் போயிருப்பான்?" என்பார்கள். சரிதான். ஆனால் அவனும் கேசட்டை வெளியே எடுத்து வீசிவிட்டுத்தான் தூக்குவான். உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

கோபத்தில் கேட்கவில்லை, உரிமையில் கேட்கிறேன். தாராய் உருகிய பெல்ட்டை மாற்றவும், ஹெட்டைத் துடைக்கவும், பிஞ்ச் ரோலரைச் சரிசெய்யவும் இன்று தெரிந்தவர்கள் நீங்கள்தான். நம் ஊர் ஈரத்தில் நாடா பூசணம் பிடிக்கிறது, ஒட்டிக்கொள்கிறது. காத்திருக்க நேரமில்லை. ஈழத்தமிழர்கள் 2005-இல் 'நூலகம்' என்ற இணைய ஆவணத் திட்டத்தைத் தன்னார்வலர்களாகத்தான் தொடங்கினார்கள். அரசு வரட்டும், பல்கலைக்கழகம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

பெட்டி வாங்கப் போனால் கேசட்டையும் கேளுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் ஒரு வாரம் இரவல் கேளுங்கள். முதலில் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னக் காதுகளை உடைத்துவிடுங்கள், தவறி அழியாது. பூசணம் இருந்தால் உடனே ஓட்டாதீர்கள். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயர் போட்டுக் கணினியில் ஏற்றுங்கள். யார் குரல், எந்தத் தோட்டம், என்ன விசேஷம் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரு பிரதியை அந்த வீட்டுக்காரர் கைபேசியில் போட்டுக் கொடுங்கள்.

அந்தக் காதுகள் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1989-இல் எனக்கு வயது பதின்மூன்று. தாத்தா செத்த அன்று பாட்டி வைத்த ஒப்பாரியைச் சித்தப்பா பதிவு செய்து, காதுகளை உடைத்து வைத்திருந்தார். நான் அந்த ஓட்டைகளில் செலோடேப் ஒட்டி, வானொலியில் வந்த சினிமாப் பாட்டை அதன் மேல் பிடித்தேன். பாட்டி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது.

அந்தப் பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. நல்ல கண்டிஷன். யாருக்காவது வேண்டுமா?