எலும்பு கூடிடுச்சு, கை கூடலையே!

போன வருஷம் ஹாஸ்டல் மேட்ச்ல ஒரு கேட்சுக்கு டைவ் அடிச்சு, வலது கை மோதிர விரலை உடைச்சுக்கிட்டேன். கேட்சும் போச்சு, அது வேற விஷயம். ஆபரேஷன் நல்லபடியா நடந்தது. எலும்பும் சேர்ந்தது. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என்னால சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சு ஒரு வாய் ஒழுங்கா எடுத்து வைக்க முடியலை. விரல் மடங்காததால சாதம் இடுக்கு வழியா தட்டுலயே விழும். பக்கெட்ல மக்கை முக்கித் தண்ணி எடுத்தா கை நழுவும். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "நல்லா கூடியிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். கையில் எலும்பு உடைந்தால் ஆபரேஷன் பாதி சிகிச்சைதான், மீதிப் பாதி பிசியோதெரபி. முதல் பாதிக்கு மெடிக்கல் லீவு தருகிற காலேஜ்கள் இரண்டாவது பாதிக்கும் தரணும். அதை நாமளும் கேட்டு வாங்கணும்.

முதலில் நான் பண்ணின தப்பு. விழுந்ததும் "சுளுக்குதான் மச்சி" என்று சொல்லி ஒரு சீனியர் விரலைப் பிடித்து இழுத்தான். அஞ்சு நாள் ஐஸ், ஸ்பிரே, தைலம் என்று ஓட்டினேன். விரலை நீட்டி வைத்தால் வீக்கத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது. மடக்கும்போதுதான் மோதிர விரல் சுண்டு விரல் மேல ஏறி உட்கார்ந்தது. எலும்பு நீளவாக்கில் திருகு மாதிரி உடைந்து, உடைந்த துண்டு கொஞ்சம் சுற்றியிருந்தது. இந்தச் சுற்றல் எக்ஸ்ரேயில்கூடச் சில நேரம் தெளிவாத் தெரியாதாம். நல்ல கையை மெதுவா மடக்கிப் பாருங்க. நாலு விரல் நுனியும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நோக்கிச் சாயும். அடிபட்ட கையில் ஒரு விரல் மட்டும் வேற பக்கம் போனா அன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட போயிடுங்க. இழுத்துப் பார்க்க ஆள் தேடாதீங்க.

ஆபரேஷன் பற்றிப் பெரிசா பயப்பட எதுவுமில்லை. எனக்குக் கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாங்க, முழிச்சுத்தான் இருந்தேன். எலும்பை நேராக்கி ரெண்டு கே-வயர் குத்தினாங்க. ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர் என்ற சர்ஜன் 1909-ல் கொண்டுவந்த கம்பி இது. அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த 'கே'. உடைப்பின் வகையைப் பொறுத்துச் சிலருக்கு பிளேட், ஸ்க்ரூவும் போடுவாங்க. எனக்கு நாலாவது வாரம் கம்பியை உருவிட்டாங்க. அத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். கதையே அங்கதான் ஆரம்பம்.

ஒரு கையில் 27 எலும்பு. விரலில் எலும்பை ஒட்டியே டெண்டன் ஓடுது. மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லணும்னா, கேபிள் போட்ட மெஷின் அது. உடைஞ்ச இடத்தில் எலும்பு ஒட்டும்போது பக்கத்தில் இருக்கிற டெண்டனும் தழும்போடு சேர்ந்து ஒட்டிக்கும். உடம்புக்கு எதை ஒட்டணும், எதை விடணும்னு தெரியாது. டெண்டன் நகர்ந்துகிட்டே இருந்தாத்தான் ஒட்டாம இருக்கும். அதனாலதான் கட்டு போட்ட மறுநாளே மத்த விரல்களை மடக்கி நீட்டச் சொல்றாங்க. கையைத் தொங்கவிடாம இதயத்துக்கு மேல தூக்கி வைக்கச் சொல்றதும் வீக்கம் வடியத்தான். வீக்கம் நின்னா விரல் இறுகும்.

கட்டு போடுற விதத்திலயும் ஒரு கணக்கு இருக்கு. உள்ளங்கையும் விரலும் சேர்ற முட்டியில எலும்போட தலை முழு வட்டமில்லை, கேம் மாதிரி. விரலை நீட்டினா பக்கவாட்டு லிகமெண்ட் தளரும், மடக்கினா விறைக்கும். தளர்ந்த நிலையில வாரக்கணக்கா கட்டி வெச்சா லிகமெண்ட் சுருங்கிடும், அப்புறம் மடக்க நீளம் பத்தாது. அதனால முட்டியை மடக்கி, விரலை நேரா வெச்சுக் கட்டுவாங்க. பார்க்க விசித்திரமா இருக்கும். "இப்படிக் கட்டினா வலிக்குது"ன்னு நாமே தளர்த்தக் கூடாது.

கம்பி எடுத்ததும் வாரம் மூணு நாள் பிசியோதெரபிக்கு வரச் சொன்னாங்க. அங்கே நேரம் காலை ஒன்பதிலிருந்து நாலு வரை. நம்ம காலேஜும் அதே நேரம். ஆபரேஷனுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி காட்டினதும் லீவு கிடைச்சது. பிசியோவுக்குக் கேட்டப்போ, "எலும்புதான் கூடிடுச்சேப்பா, இன்னும் என்ன மெடிக்கல் லீவு?" என்று பதில். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்தை ஒட்டித் தள்ளாடிக்கிட்டு இருந்தது. நான் அட்டெண்டன்ஸைக் காப்பாத்தினேன், விரலைக் கோட்டை விட்டேன். நடு மூட்டு 50 டிகிரிக்கு மேல மடங்கலை. செமஸ்டர் லீவில் தினமும் அலைஞ்சு, மெழுகு ஒத்தடம், பயிற்சி, அழுகை எல்லாம் சேர்த்துத்தான் 90 வரை கொண்டுவந்தேன். ஆரம்பத்திலேயே போயிருந்தா இவ்வளவு பாடு இல்லைன்னு தெரபிஸ்ட் சொன்னாங்க.

"யூடியூப் பார்த்து ரூமிலேயே பண்ணலாமே?" என்று கேட்பீங்க. வீட்டில் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கு, மணிக்கொரு தடவை செய்யச் சொல்வாங்க. ஆனா எந்த மூட்டைப் பிடிச்சுக்கிட்டு எதை மடக்கணும், இந்த வாரம் எவ்வளவு பலம் கொடுக்கலாம் என்பதை உடைப்பைத் தெரிஞ்ச ஆள்தான் சொல்லணும். அவசரப்பட்டு அழுத்தினா இளசா கூடின எலும்பு மறுபடி நகரலாம்.

"லீவு கொடுத்தா எல்லாரும் பொய் சர்ட்டிஃபிகேட் கொண்டுவருவாங்க" என்பது ஸ்டாஃப் பக்கத்து வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு நமக்கே தெரியும்! ஆனா பிசியோ கார்டில் ஒவ்வொரு தேதிக்கும் நேரா விரல் எத்தனை டிகிரி மடங்குச்சுன்னு அளந்து எழுதுறாங்க. சந்தேகம் இருந்தா ஒரு கோணமானி போதும். இன்ஜினியரிங் காலேஜில் அதுக்கா பஞ்சம்?

இது புதுசா கண்டுபிடிச்ச யோசனையும் இல்லை. 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு டெண்டனை இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷன்களைத் தொடங்கினார். அந்த நோயாளிகளுக்குத் தையலோடு வேலை முடியலை. புது வேலையை அந்தத் தசைக்குப் பழக்கின பிறகுதான் கை கையாச்சு. கைக்கு எந்த ஆபரேஷன் செய்தாலும் பொருந்துற பாடம் இது, அதுவும் நம்ம ஊர்லயே எழுதின பாடம்.

அதனால கேட்கிறது மூணே விஷயம். பிசியோ கார்டு காட்டினா அந்த நேரத்துக்கு சிம்போசியத்துக்குத் தர்ற மாதிரி ஓ.டி. கொடுங்க. தவறின லேபை வேற பேட்ச்சோட செய்ய விடுங்க. எழுதுற கை உடைஞ்சவனுக்கு இன்டர்னல் தேர்வில் ஸ்க்ரைபோ கூடுதல் நேரமோ கொடுங்க. நமக்குள்ள ஒண்ணு: ரூம்மேட் கட்டோட வந்தா கட்டு மேல கையெழுத்து போடுறதோட நிக்காதீங்க. "இன்னைக்கு விரலை மடக்கினியா?"ன்னு கேளுங்க.

என் மோதிர விரல் இன்னும் உள்ளங்கையை முழுசா தொடலை, ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கு. சாம்பார் சாதம் சாப்பிட அது போதும். அடுத்து உடைச்சுக்கிறவனுக்கு அந்த இடைவெளியும் இருக்க வேண்டாம்.