அஞ்சுதெங்கு கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவருள் எத்தனை பேர் அஞ்சுதெங்குக் கோட்டையைக் கண்டிருப்போம்? கடைக்காவூர் இரயில் நிலையத்தில் இறங்கினால் அண்மையிலேயே இருக்கிறது அக்கடற்கரை ஊர். ஐந்து தென்னை என்னும் பொருள் தரும் அப்பெயர் நமக்கு அந்நியமன்று, ஊரும் அந்நியமன்று. ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதிக் கட்டத்தில் அது சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. நெல்லையிலிருந்து இங்குப் படிக்க வந்த எனக்கு இச்செய்தி பெருவியப்பை அளித்தது.

கடல் கடந்து குடியேறிய ஆங்கிலேயரின் நோக்கம் எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1607இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் அவர்கள் குடியிருக்க நிலம் தேடினர். 1639இல் சென்னைக் கடற்கரையில் துணி வாணிகத்திற்கு இடம் தேடினர். ஆற்றிங்கல் அரசியிடம் அவர்கள் நாடி வந்தது மிளகு. 1684இல் அஞ்சுதெங்கில் தங்க இசைவு கிடைத்தது. 1690களில் அங்கே கோட்டை எழுந்தது.

அரசி ஏமாந்துவிட்டார் என்று கூறுவோர் உண்டு. நான் அதனை ஒப்பேன். அந்நாளில் இக்கடற்கரை வாணிகத்தில் டச்சுக்காரர் கை ஓங்கியிருந்தது. மலிவாகக் கேட்கும் ஒருவனுக்குப் போட்டியாக மற்றொருவனை அழைப்பது அறிவுடைமையே. ஆனால், வந்தவர்கள் மிளகு வாணிகத்தின் தனியுரிமையையும் பெற்றுக்கொண்டார்களே, அங்கேதான் கேடு புகுந்தது! வாங்குவோர் பலரானால் விளைவித்தவன் விலை சொல்வான். ஒருவனே ஆனால் அவன் சொன்னதே விலை.

மக்கள் வாளா இருந்தனரா? இல்லை. கும்பினி அலுவலரின் விலைச் சூழ்ச்சியும் செருக்கும் அவர்களைக் கொதித்தெழச் செய்தன. 1721 ஏப்ரலில், கோட்டைத் தலைவர் கிஃபோர்டு அரசிக்குரிய பரிசுகளுடன் ஏறத்தாழ 140 பேரை அழைத்துக்கொண்டு ஆற்றிங்கலுக்குச் சென்றார். உயிரோடு மீண்டவர் மிகச் சிலரே. பின்னர்க் கோட்டை பல மாதங்கள் முற்றுகையிடப்பட்டது. இது பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி!

இருந்தும் கோட்டை வீழவில்லை. தலைச்சேரியிலிருந்து ஆங்கிலேயருக்கு உதவி வந்தது. 1723இல் திருவிதாங்கூர் அரசே அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. உள்நாட்டுப் பகைவரை அடக்க அவ்வரசுக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது. வேதியியல் பயில்வோர் அறிவர்: அதிதெவிட்டிய கரைசலில் ஒரு சிறு படிகத்தை இட்டால் மிகையாகக் கரைந்திருந்த பொருள் படிகமாகிவிடும். தூய நீரில் இட்டால் அப்படிகமே கரைந்துபோகும். அஞ்சுதெங்கு சிறு படிகம்; நம்மவரின் உட்பகை கரைசல். 1805இல் திருவிதாங்கூர் கும்பினியின் மேலாண்மைக்கு முற்றும் அடங்கியதில் வியப்பென்ன?

ஆகவே, அந்நியனுக்குக் கதவு திறந்தது பிழை என்று நான் கூறேன். கதவை அடைத்துக்கொண்ட நாடு வளராது. ஒருவனுக்கு மட்டும் கதவைத் திறந்து, அதன் திறவுகோலையும் அவனிடமே கொடுப்பதுதான் பிழை. கடன் தருவோரும் கருவி தருவோரும் நம் வாயிலில் நிற்கும் இந்நாளிலும் இப்பாடம் பழையதாகிவிடவில்லை.

நம் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவைக் கன்னியாகுமரிக்கு அமைக்காமல் அஞ்சுதெங்குக்கு அமையுங்கள். அக்கோட்டை மதிலருகே நின்று இதனை நாம் விவாதிப்போம்.