தண்ணீர் இலாகாவும் பொது ஜனங்களும்

ஓர் ஊருக்குத் தண்ணீர் வழங்கும் பொது ஸ்தாபனத்துக்கு வேலை இரண்டு என்பது நமது அபிப்பிராயம். ஒன்று, தண்ணீரைக் கொடுப்பது. மற்றொன்று, அத்தண்ணீரைப் பற்றிய கணக்கைக் கொடுப்பது. அதாவது, அது எங்கிருந்து வருகிறது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு விடப்படுகிறது, குடிக்கத் தக்கதா, அதற்காக வாங்கிய பணம் என்னவாயிற்று என்பவைகளை ஜனங்கள் கேளாமலே சொல்லுவது. முதல் வேலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். இரண்டாவது வேலையைப் பற்றிப் பேசுவாரில்லை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதும் கெட்டுப்போகும் என்பதையே இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

நம் நாட்டில் குழாய்த் தண்ணீர் என்பது சாதாரண காரியமல்ல. கிணறும் குளமுமே கதியாயிருந்த காலத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஜாதி இருந்தது. பம்பாய் மாகாணத்து மகாத் முனிசிபாலிட்டியார், தங்கள் சவுதார் குளத்தைத் தீண்டப்படாதவர்கள் என்பவர்களுக்குத் திறந்து விடுவதாக 1924-ல் தீர்மானம் செய்தார்கள். தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. 1927 மார்ச் 20-ந் தேதி தோழர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அள்ளிக் குடிக்கும் வரை இரண்டும் ஒன்று சேரவில்லை. குடித்ததற்கு அவர்களுக்குக் கிடைத்தது அடி. குளத்துக்குக் கிடைத்தது சாணியும் கோமூத்திரமும் கலந்த 'சுத்தி'. மாட்டு மூத்திரம் சுத்தமாம். மனிதன் கை அசுத்தமாம்!

இரும்புக் குழாய்க்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது. அதனாலேயே அது ஒரு பெரிய சீர்திருத்தக்காரன் என்கிறோம். பெரியார் ஈரோடு நகரசபைத் தலைவராயிருந்தபோது குழாய்க் குடிநீர்த் திட்டத்தில் அத்தனை அக்கறை காட்டியதும் யோசிக்கத் தக்கது. ஆனால் குழாயை எந்தத் தெரு வரை நீட்டுவது, எந்தத் தெருவோடு நிறுத்துவது என்பதை முடிவு செய்கிறவன் மனிதன்தானே! அந்த மனிதனைக் கண்காணிக்க ஜனங்களுக்குக் கணக்கு வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய அறிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் காலராவே சாட்சி. இங்கே வாந்திபேதி வந்தால் ஆத்தாளுக்குக் கோபம் என்று சொல்லிக் கூழ் காய்ச்சினார்கள், ஆடு வெட்டினார்கள். 1854-ல் லண்டனில் வாந்திபேதி வந்தபோது, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் செத்தவர்கள் எந்தெந்த வீட்டார், எந்தப் பம்பில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கணக்கெடுத்தார். பிராட் தெருப் பம்புதான் காரணம் என்று காட்டி, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். ஆத்தாளின் கோபம் தணிந்து வாந்திபேதி அடங்கியதா, தண்ணீரைச் சுத்தம் செய்யத் தெரிந்து கொண்டதால் அடங்கியதா என்பதை வாசகர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

நிற்க, நம் சென்னையில் 2019-ம் வருஷம் நடந்ததைப் பார்ப்போம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டன. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் வழங்கி வந்த இடத்தில் சுமார் 52 கோடி லிட்டராகக் குறைந்தது. ஸ்திரீகள் எப்போது லாரி வரும் என்று தெரியாமல் இரவெல்லாம் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் அறநிலைய இலாகா செய்த உபகாரம் என்ன? கோயில்களில் வருண ஜெபமும் யாகமும் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பியது. ஆளுங்கட்சியாரும் ஜூன் மாதத்தில் கோயில் கோயிலாக யாகம் வளர்த்தார்கள். கடைசியாகத் தண்ணீர் எப்படி வந்தது? ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது! வருணன் அனுப்பவில்லை, என்ஜின் டிரைவர் கொண்டு வந்தார்.

சென்னைக் குடிநீர் வாரியத்தார் ஏரிகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிட்டு வருகிறார்கள். இது நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஏரியில் எவ்வளவு என்பது ஊர்க் கணக்கு. தெருவில் எவ்வளவு என்பதுதான் குடும்பக் கணக்கு. நாளைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாத கூலிக்காரி, ஒரு நாள் கூலியை விட்டுக் குழாயடியில் நிற்கிறாள். தெரிந்திருந்தால் வேலைக்குப் போயிருப்பாள். ஆகவே செய்தி சொல்லாத இலாகா தண்ணீரோடு அவள் கூலியையும் பிடுங்கிக் கொள்கிறது என்று சொன்னால் அது மிகையாகுமா?

"இதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது" என்று சில அதிகாரிகள் சொல்லக்கூடும். வேதத்தைச் சூத்திரன் படிக்கக்கூடாது என்று சொன்னவர்களும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள். ரேஷன் கடையில் அரைக் கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கிற ஜனங்களுக்குத் தண்ணீர்க் கணக்கு மட்டும் எப்படிப் புரியாமற் போகும்? குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு சிறு குழலில் தண்ணீரைப் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய காரியம் இது. கிராமத்துக்கு ஐந்து ஸ்திரீகளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை பழக்க வேண்டும் என்று 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டமே சொல்கிறது.

இது வெறும் காகித விவகாரமல்ல. புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடித்து வந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அது எப்போது தெரிந்தது? குழந்தைகள் நோயில் விழுந்த பிறகு, குடித்தவர்களே தொட்டிமேல் ஏறிப் பார்த்தபோது தெரிந்தது! வழக்கைப் பற்றிப் பேச நாம் இங்கு வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே: அந்தத் தொட்டியை நாள்தோறும் பார்க்க வேண்டியவர் யார், கடைசியாகப் பரிசோதித்தது என்றைக்கு என்பவை தொட்டியின் காலிலேயே எழுதியிருந்து, அதன்படி நடந்தும் இருந்தால், குழந்தைகளின் வயிறு பரிசோதனைச் சாலையாக ஆகியிருக்குமா?

சட்டம் இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் செய்தது தமிழ்நாடு, வருஷம் 1997. பிறகு வந்த 2005-ம் வருஷத்து மத்திய சட்டத்தின் 4-வது பிரிவோ, ஜனங்கள் மனுப்போடாமலே இலாகாக்கள் தாமாக விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. மகாத் குளத்துத் தீர்மானம் போல் இதுவும் காகிதத்திலேயே கிடக்க வேண்டுமா?

நாம் கேட்பது அதிகமல்ல. ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியிலும் ஒரு பலகை வேண்டும். கழுவிய தேதி, குளோரின் அளவு, தண்ணீர் விடும் நேரம், பொறுப்பாளியின் பெயர், டெலிபோன் நம்பர் ஆகிய ஐந்தும் அதில் தெளிந்த தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கிராம சபையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று தெருவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். அப்போதுதான் அக்கிரகாரத்துக்கும் மேலத் தெருவுக்கும் போவது எவ்வளவு, சேரிக்குப் போவது எவ்வளவு என்பது வெட்ட வெளிச்சமாகும். இந்த வெளிச்சத்துக்குப் பயப்படுகிற இலாகா எதை மறைக்கப் பார்க்கிறது என்று ஜனங்கள் கேட்டால் அது குற்றமாகாது.

தண்ணீர் எவருடைய தர்மமுமல்ல. அது ஜனங்களின் வரிப்பணத்தால் ஜனங்களுக்கே வருவது. வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்லாத கடைக்காரனை நாம் சும்மா விடுவதில்லை. ஆகவே தோழர்கள் அடுத்த கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் எழுந்து நின்று, "எங்கள் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது என்றைக்கு?" என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குத் தேதியோடு பதில் வரும் வரை உட்காரக் கூடாது என்று கேட்டுக் கொள்கிறோம்.