செல் துண்டோடு வாழும் பெண்களும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும்

ஒக்ரோபர் வந்தால் வடக்கிலும் இளஞ்சிவப்பு ரிபன்கள் வந்துவிடும். மார்பில் கட்டி தென்பட்டால் வைத்தியரிடம் போங்கள் என்பார்கள். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான் என்பதால் அந்தப் பிரசாரம் தேவை. ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்களைப் பற்றி அங்கு பேச்சு குறைவு. அவர்களிலும், உடம்பில் செல் துண்டுகளைச் சுமந்தபடி வாழ்பவர்களைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

மார்பகப் புற்றுநோய் திரும்பி வரக்கூடியது. ஹோர்மோனோடு தொடர்புடைய வகை என்றால் 10, 15 வருடங்கள் கழித்தும் வரலாம். அந்தப் பயத்தில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு உறவுகள் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனை, “எம்.ஆர்.ஐ. ஒன்று எடுங்கோ, காசு அனுப்புறம்” என்பதுதான். அன்பில் சொல்வதுதான். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

மார்பின் ஒரு பகுதியை மட்டும் அகற்றியவர்களுக்கு வருடாந்த மமோகிராமும் வைத்தியரின் கைப்பரிசோதனையும்தான் வழமையான கண்காணிப்பு. முழு மார்பையும் அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் கையால் பரிசோதித்து, மற்ற மார்புக்கு மமோகிராம் எடுப்பார்கள். பரம்பரை மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் சேரும். 50 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கும் அடர்த்தியான மார்புத் திசு உள்ளவர்களுக்கும் வருடாந்தம் அதை எடுக்கலாம் என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2018 இல் பரிந்துரைத்தது. மமோகிராமில் தெரியாத சிறு கட்டியை அது காட்டும். அதேவேளை ஆபத்தில்லாத தழும்பையும் சந்தேகத்துக்குரியதாகக் காட்டி, வீண் ஊசிப் பரிசோதனைக்கும் நித்திரையில்லா இரவுகளுக்கும் வழிவிடும்.

எங்களுடைய பிரச்சினை இன்னொன்று. எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெருங்காந்தம். 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல சுமார் 30,000 மடங்கு. மார்பைப் படமெடுக்கக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சை அதன் நடுவுக்குக் கொண்டுபோவார்கள். எறிகணைச் சிதறல் பெரும்பாலும் இரும்பு. தசைக்குள் பல வருடங்களாக இறுகிப்போன துண்டு பெரும்பாலும் அசையாது. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் என்பவற்றின் அருகில் இருந்தால் கதை வேறு. அசைந்தாலும் சூடேறினாலும் பாரதூரமான காயம் வரலாம். நெஞ்சிலேயே துண்டு இருந்தால் அந்த இடத்தில் படமும் சிதைந்துவிடும். சத்திரசிகிச்சையின்போது வைக்கும் டைட்டானியம் கிளிப்புக்கு இந்தப் பயம் தேவையில்லை.

ஸ்கானுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். உடம்பில் உலோகம் உண்டா என்ற கேள்வி அதில் இருக்கும். நான் பார்த்த ஒரு படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. மொழி புரிந்தாலும் எல்லோரும் உண்மையை எழுதுவார்கள் என்றில்லை. 2009க்குப் பிறகு காயத்தழும்பே விசாரணைக்குக் காரணமான நாட்களை இந்தப் பெண்கள் கடந்து வந்தவர்கள். வன்னியில் நான் பேசிய ஓர் அக்கா, முதுகில் “பீஸ்” இருப்பதை வைத்தியசாலையில் ஒருவருக்கும் சொன்னதில்லை என்றார். சொன்னால் எங்கே, எப்போது, யாருடன் நின்றீர்கள் என்று தொடங்கும் என்பது அவருடைய கணக்கு. அதைப் பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. கேள்வி தமிழில் இருக்கவேண்டும். துண்டு எங்கே இருக்கிறது என்பதைத்தான் கேட்கவேண்டும். அது எப்படி ஏறியது என்பது ஸ்கான் எடுப்பவருக்கு அவசியமில்லை. தெல்லிப்பழை, மகரகம போன்ற இடங்களில் சிகிச்சை தொடங்கும்போதே ஓர் எக்ஸ்ரே எடுத்து, துண்டிருக்கும் இடத்தைக் கிளினிக் கொப்பியில் குறித்துவிட்டால், அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் புதியவர் ஒருவரிடம் தன் கதையைத் திறக்கவேண்டியதில்லை. எறிகணை விழுந்த மாவட்டங்களில் இதை வழமையாக்க சுகாதார அமைச்சுக்குப் பெரிய நிதி தேவைப்படாது.

அதுவரை, எம்.ஆர்.ஐ.க்குத் திகதி கிடைத்தவர்கள் அறைக்குள் போகும் முன்னரே துண்டைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். வாயால் சொல்லத் தயக்கமென்றால் பழைய எக்ஸ்ரேயைக் காட்டலாம். எடுக்க முடியாது என்று சொன்னால் அத்துடன் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். மமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் இருக்கின்றன, அவற்றுக்குக் காந்தம் தேவையில்லை.